கருத்தடை கிளினிக்குக்குக் கொண்டுபோக முன்னர்: மிருக வைத்தியரின் கேள்வி-பதில்

நாய், பூனைகளுக்குக் குறைந்த செலவில் கருத்தடை செய்யும் கிளினிக்குகள் பற்றித்தான் இந்த முறை திருகோணமலைப் பக்கமிருந்து அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள், டொக்டர். மூன்று மாதப் பூனைக்குட்டி பசியில் கத்தாதா? தண்ணீரும் கூடாதா? (உப்புவெளி)

வளர்ந்த நாய், பூனை என்றால் இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம். தண்ணீர் வைக்கலாம். காலையில் புறப்படும்போது கோப்பையை எடுத்துவிட்டால் போதும். மயக்க மருந்து ஏறும்போது வாந்தி வருவது சகஜம். அந்த நேரத்தில் தொண்டை தன் வேலையைச் செய்யாது. வயிற்றிலிருக்கும் சோறு மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். வெட்டும் தையலும் ஒழுங்காக முடிந்த பிராணிகூட இதனால் சாகலாம்.

குட்டிகளின் கதை வேறு. நான்கு மாதத்துக்குக் குறைந்ததை இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது. இரத்தத்தில் சீனி இறங்கிப்போய், மயக்கத்திலிருந்து எழும்பவே கஷ்டப்படும். சிகிச்சைக்கு நான்கு மணி நேரம் முன்னர், அதாவது விடியற்காலையில், ஒன்றிரண்டு தேக்கரண்டி சாப்பாடு கொடுங்கள். கிளினிக்கில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். குட்டி ஒரு கிலோ எடையாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதைவிட முக்கியம், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைப்பது. அம்மம்மா விடிய எழும்பி, பாவம் என்று ஒரு துண்டு பாண் போட்டுவிடுவார். பூனையென்றால் பக்கத்து வீட்டு மீன் வெட்டுமிடத்தில் போய் நின்று விருந்தே முடித்துவிட்டு வரும். ஆகவே இரவே ஒரு அறையில் பூட்டிவையுங்கள். அதையும் மீறித் தின்றுவிட்டால் கிளினிக்கில் மறைக்காதீர்கள். நேரத்தைப் பின்தள்ளுவார்கள், அல்லது வேறு நாள் தருவார்கள்.

இவ்வளவு குறைந்த காசுக்குச் செய்தால் வேலையும் அப்படித்தானே இருக்கும்? (லிங்கநகர்)

சந்தேகம் நியாயமானது. ஆனால் காசு எங்கே மிச்சமாகிறது என்று பாருங்கள். ஒரே மேசையில், ஒரே சிகிச்சையை நாள் முழுக்கச் செய்கிறார்கள். கை பழகிய வைத்தியருக்குச் சின்ன வெட்டே போதும், நேரமும் குறைவு. மருந்தும் நூலும் மொத்தமாக வருகின்றன. இது நல்ல மிச்சம். இன்னொரு மிச்சமும் இருக்கிறது. முன்கூட்டிய இரத்தப் பரிசோதனை இல்லை, இரவு தங்கவைத்துப் பார்ப்பதும் இல்லை. அந்த இரண்டு வேலையும் உங்கள் தலையில்தான் விழுகின்றன. கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மிச்சம் பிடிக்கவே கூடாதவையும் உண்டு. ஒவ்வொரு பிராணிக்கும் கிருமி நீக்கிய தனிக் கருவிகள் வைக்கிறார்களா? வலிக்கு ஊசி போடுகிறார்களா? இரவு ஏதும் என்றால் யாருக்குக் கோல் எடுப்பது? இந்த மூன்றையும் கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

எல்லாப் பிராணியும் மலிவு கிளினிக்குக்கு ஏற்றதல்ல. ஏழெட்டு வயது தாண்டிய நாய், இருமல் உள்ளது, சப்பை மூக்குள்ள பக் நாய், பேர்சியன் பூனை, பின்பக்கத்தால் சீழ் வடியும் பெட்டை இவற்றையெல்லாம் முழு வசதியுள்ள இடத்துக்கே கொண்டுபோங்கள். அந்தச் சீழ் கருப்பையிலிருந்து வருவதாக இருந்தால் நாள் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றே போகவேண்டும்.

எங்கள் நாய்க்கு உண்ணி நிறைய. சாப்பாடு குறைவு, படுத்தே கிடக்கிறது. கருத்தடை முகாம் வருகிறதே, அப்படியே கொண்டுபோய் ஒரேயடியாக முடித்துவிடலாமா? (பாலையூற்று)

வேண்டாம். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் போலிருக்கிறது.

உண்ணி இரத்தம் குடிப்பதோடு போவதில்லை, காய்ச்சலையும் கொடுத்துவிட்டுப் போகும். அதில் இரண்டு வகையை நம் பக்கத்தில் அடிக்கடி காண்கிறோம். பபேசியா செங்குருதிக் கலங்களை உடைக்கும். எர்லிக்கியா, இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கும். இந்த நிலையில் வயிற்றைத் திறந்தால், கட்டிய இரத்தக்குழாய் நன்றாக இருந்தாலும் வெட்டின ஓரமெல்லாம் கசியும். இரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் இது முன்னமே பிடிபட்டுவிடும். மலிவு கிளினிக்கில் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்.

நாயின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். முரசு (பல்லீறு) இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளிறி, இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வெளிறியே கிடந்தால், அல்லது முரசிலோ வயிற்றுத் தோலிலோ குண்டூசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், கருத்தடைக்கு அல்ல, காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போங்கள். சில நாய்களுக்கு முரசு இயல்பிலேயே கறுப்பு. அப்படியென்றால் கீழிமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். கொக்கிப்புழு இருந்தாலும் இப்படி வெளிறும், அதனால் பூச்சிமருந்தும் கொடுத்திருக்கவேண்டும்.

காய்ச்சல் இல்லாமல் உண்ணி மட்டும் என்றால், இரண்டு வாரம் முன்னரே அதற்கு மருந்து கொடுத்துவிடுங்கள். வைத்தியர் தரும் மாத்திரையே வசதி. உண்ணி மருந்தில் குளிப்பாட்டுவதாக இருந்தால் முதல் நாளில் செய்யாதீர்கள். அவற்றில் சில மயக்க மருந்தோடு சேர்ந்து இதயத் துடிப்பை இறக்கும். மாட்டுக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தை நாய்க்கு ஊற்றும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதை விடுங்கள். நாய்க்கென்று விற்கும் தெள்ளு, உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசுவது அதைவிட மோசம். பெர்மெத்ரின் உள்ளது என்றால் பூனை வலிப்பு வந்து செத்துவிடும்.

வெறும் தண்ணீரில் குளிப்பாட்டுவதை ஒருநாள் முன்னரே முடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்குக் குளிப்பு இல்லை.

கிண்ணியாவிலிருந்து பூனையைக் கொண்டுவரவேண்டும். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வரலாமா? (கிண்ணியா)

மடியில் அமைதியாக இருக்கும் பூனை, கிண்ணியாப் பாலத்தில் எதிரே பஸ் ஹோர்ன் அடித்ததும் வேறு பூனையாகிவிடும். ஓட்டோவுக்குக் கதவும் கிடையாது. பூனைக்கூடு இல்லாவிட்டால் உடுப்புப் போடும் பிளாஸ்டிக் கூடைகள் ஒரே அளவில் இரண்டு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கீழே பழைய சாரம் ஒன்றை விரியுங்கள், நீங்கள் உடுத்துக் கழுவாதது என்றால் இன்னும் நல்லது, மணத்துக்கு அடங்கும். மேலே மெல்லிய சீலையால் மூடுங்கள். காற்றுப் போகவேண்டும், வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் மூத்திரம் போனால் அடி கழன்றுவிடும். உரப்பையில் கட்டிக் கொண்டுவரவே வேண்டாம், மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஒரு பெட்டிக்கு ஒரு பூனை. அண்ணன் தங்கச்சியாக ஒன்றாய் வளர்ந்திருந்தாலும் சரி, மயக்கம் தெளியும்போது ஒன்றையொன்று கடிக்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியவே வந்துவிடுங்கள். காத்திருக்கும்போது வண்டிக்குள் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள்.

பெட்டை நாய்க்கு இணைசேரும் காலம் வந்து இரத்தம் படுகிறது. படலையடியில் கடுவன்கள் கூட்டம். இந்த நேரத்தில் செய்யலாமா? (சாம்பல்தீவு)

செய்யமுடியும், ஆனால் கருப்பையைச் சுற்றிய இரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதால் இரத்தப்போக்குக் கூடும். பல மலிவு கிளினிக்குகள் பிறகு வரச்சொல்வார்கள். நாய்க்கு இது ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். முடிந்து இரண்டு மாதமளவில் செய்வது நல்லது. அதுவரை கட்டிவைப்பது உங்கள் பொறுப்பு. மதிலைத் தாண்டிய கடுவனைப் பற்றி எத்தனையோ கதை கேட்டாயிற்று.

பூனைக்கு இப்படிக் காத்திருந்து பயனில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை திரும்பவும் கடுவனைத் தேடிக் கத்தத் தொடங்கும், நம் வெயிலில் அதற்குப் பருவகாலம் என்று ஒன்றும் கிடையாது. நான்கு மாதத்திலேயே வயிற்றில் குட்டி தங்கக்கூடும், ஆகவே அந்த வயதுக்கே நாள் கேளுங்கள்.

வயிற்றில் குட்டி இருக்குமோ என்று சந்தேகமென்றால் முன்னமே சொல்லுங்கள். செய்தால் குட்டிகள் போய்விடும், அதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று வைத்தியர் கேட்கவேண்டும். மேசையில் திறந்த பிறகு கேட்கமுடியாது. பால் கொடுக்கும் தாய்ப்பூனையென்றால் குட்டிகள் தாமாகச் சாப்பிடத் தொடங்கி, மடி வற்றியதும் கொண்டுவாருங்கள். அதுவரை வெளியே விடாதீர்கள். பால் கொடுக்கும்போதே அடுத்தது தங்கிவிடும்.

கடையடியில் நிற்கும் தெருநாய்க்கு நாங்கள்தான் சோறு வைக்கிறோம். அதையும் கொண்டுபோகலாமா? காதை வெட்டுவார்களாமே? (பிரதான வீதி)

கொண்டுபோங்கள், புண்ணியமாகப் போகும். 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது இலங்கையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை குறையவேண்டுமானால் இதுதான் வழி. காது விஷயம் உண்மைதான். மயக்கத்தில் இருக்கும்போதே நுனியில் சிறு அடையாளம் வெட்டுவார்கள். நாய்க்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு யாரோ திரும்பப் பிடித்து, வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் ஏற்கெனவே செய்தது என்று அறிவார்கள்.

அந்த வரிசையிலுள்ள எல்லாக் கடைக்காரருக்கும் முதல் நாளே சொல்லிவையுங்கள், ஒருவர் வடை போட்டாலும் வேலை கெட்டது. காலையில் வெறும் வயிற்றோடு நிற்கும் நாய், சோறு வைக்கும் ஆளிடம் தானாக வரும். அந்த ஆளே பட்டியைப் போடட்டும். நான்கு பேர் சுற்றிவளைக்கவேண்டாம். யாரையும் கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விசர்நாய்க்கடி ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

சிகிச்சைக்குப் பிறகு பெட்டை நாயென்றால் ஒரு இரவாவது பூட்டிவைக்க இடம் பார்த்துவிட்டே கூட்டிப்போங்கள். கடையின் பின்பக்கக் களஞ்சியம் போதும். அரைமயக்கத்தில் வீதியில் விட்டால் வாகனத்தில் அடிபடும். மாரி மழைக்காலத்தில் நிலம் காய்ந்த இடமாக இருக்கவேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன பார்க்கவேண்டும்? வலித்தால் பனடோல் கொடுக்கலாமா? (உவர்மலை)

பனடோல் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரை போதும், முரசு கபிலமாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் செத்துப்போகும். நாய்க்கும் உங்கள் அலுமாரி மருந்து எதுவும் வேண்டாம். கிளினிக்கில் தந்ததை மட்டும் கொடுங்கள்.

அன்றிரவு நிலத்தில் படுக்கை போடுங்கள். கட்டிலில் விட்டால் விழும். ஃபானுக்கு நேர் கீழே வேண்டாம், மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கியிருக்கும். பூனை கண்ணை விழித்தபடியே அசையாமல் கிடக்கும். பயப்படாதீர்கள், அது மருந்தின் வேலை. நன்றாக நடக்கத் தொடங்கியதும் வழமையில் அரைவாசிச் சாப்பாடு கொடுங்கள். குட்டியென்றால் தலையைத் தூக்கியதுமே கொஞ்சம் ஊட்டுங்கள்.

படுக்க முன்னர் முரசை ஒருமுறை பாருங்கள். வெளிறியிருந்தாலோ, தையலிலிருந்து இரத்தம் நிற்காமல் சொட்டினாலோ, இருட்டியும் எழும்பாமல் கிடந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், இரவுக்கென்று கிளினிக்கில் கேட்டு வாங்கிய நம்பருக்கு உடனே கோல் எடுங்கள். மறுநாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டாலும் அறிவிக்கவேண்டும். தையலடியில் மெல்லிய வீக்கம் இருந்தால் பரவாயில்லை.

நக்கவிடவேகூடாது. இரண்டு நிமிடம் தனியே விட்டால் நூலைப் பிரித்துவிடும். கழுத்துக் கூம்பு வாங்க வசதியில்லையென்றால் பழைய ரீசேட் ஒன்றை முன்கால்களை விட்டு மாட்டி, முதுகில் முடிச்சுப் போடலாம். பத்து முதல் பதினான்கு நாளைக்கு ஓட்டம், பாய்ச்சல் இல்லை. மஞ்சள் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது இரண்டும் வேண்டாம், புண் காய்ந்தபடியே இருக்கட்டும்.

ஒருதரமாவது குட்டி போடவிட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். (கன்னியா)

யார் சொன்னாலும் பிழை. முதல் இரத்தம் படுவதற்கு முன்னரே செய்த பெட்டை நாய்களுக்கு முலைக்கட்டி வருவது மிகக் குறைவு. ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் அந்தப் பயன் குறைந்துகொண்டே போகும்.

கடுவனுக்கு ஒரு விதைதான் தெரிகிறது. (தம்பலகாமம்)

மற்றது வயிற்றுக்குள்ளோ இடுப்புமடிப்பிலோ நின்றுவிட்டது. அதைத் தேடி எடுக்க வேறு சிகிச்சை, கூடிய நேரம். பதியும்போதே சொல்லுங்கள், முகாமில் செய்யாமலும் விடலாம். தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு வரவேண்டாம். உள்ளே நிற்பதுதான் பிற்காலத்தில் கட்டியாகும்.

கடுவன் பூனைக்குச் செய்து இரண்டு வாரம். இன்னும் பக்கத்து வீட்டுப் பெட்டையின் பின்னால் திரிகிறது. ஒப்பரேஷன் சரிவரவில்லையா? (ஆனந்தபுரி)

சரியாகத்தான் வந்திருக்கிறது. ஏற்கெனவே குழாயில் இருந்த விந்து தீர ஒரு மாதமாவது எடுக்கும், பழக்கம் மறக்க இன்னும் கொஞ்ச நாள். ஆறு வாரம் போகட்டும். அதற்குள் பக்கத்து வீட்டாரிடம் பேசி அவர்களுடைய பெட்டைக்கும் ஒரு நாள் எடுத்துக்கொடுங்கள்.