ஹோம் தியேட்டர் கேள்வி பதில்: அட்மாஸ் வரவில்லை, பாஸ் உறுமுகிறது

கேள்வி: புது டிவி, அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி முறை) சவுண்ட்பார் இரண்டும் வாங்கியாச்சு. ஆப்டிகல் கேபிளில் இணைத்திருக்கிறேன். பாரில் அட்மாஸ் என்று வரவே இல்லை. பார் பழுதா?

பதில்: பார் மேல் குறை இல்லை, கேபிளை மாற்றுங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்கள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் அனுப்புகின்றன. ஆப்டிகல் அதைச் சுமக்காது. சாதாரண டால்பி 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வரைதான். டிவியில் ஆர்க் அல்லது இ-ஆர்க் (டிவியின் ஒலியைப் பாருக்கு அனுப்பும் வழி; இ-ஆர்க் அதன் மேம்பட்ட வடிவம்) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையிலிருந்து பாரின் அதே பெயருள்ள துளைக்கு கேபிள் போடுங்கள். பக்கத்துத் துளையில் செருகினால் சத்தமே வராது.

அடுத்து டிவியின் ஒலி செட்டிங்கைப் பாருங்கள். 'பிசிஎம்' (டிவியே பிரித்து அனுப்பும் ஒலி) என்றிருந்தால் பல டிவிகள் எல்லாவற்றையும் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடும். 'பாஸ்த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) அல்லது 'ஆட்டோ' வையுங்கள். சிஇசி-யும் (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் ஆக வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அப்படியும் வராவிட்டால் இரண்டின் பவர் பிளக்கையும் பிடுங்கி, இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

ப்ளூ-ரே டிஸ்க்கில் வரும் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி வடிவம்) அட்மாஸுக்கு மட்டும் இ-ஆர்க் கட்டாயம். பிளேயரை நேராகப் பாரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் செருகினால் அந்தக் கவலையும் இல்லை.

கேள்வி: 5.1 செட்டில் சப்வூஃபர் (பாஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒரே உறுமல். வசனம் கேட்கவில்லை. சப்பை மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உறுமுவது பெரும்பாலும் அறைதான். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் அலை இரு சுவர்களுக்கிடையே நின்றுவிடும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது பலமடங்கு கேட்கும், நட்ட நடுவில் காணாமலே போகும். சோபாவைப் பின்சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் இழுத்தாலே வித்தியாசம் தெரியும்.

சப்புக்கு இடம் தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது: சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பாஸ் தொடர்ந்து நடக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரை மட்டத்தில் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்து போங்கள். ஒரு மூலையில் 'கும்'மென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டடி தள்ளினால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். சப் போக வேண்டியது அங்கே.

பிறகு ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் திருகியை உச்சத்துக்குத் திருப்புங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். சப்பின் ஃபேஸ் சுவிட்சை (அலையின் திசையைத் திருப்புவது) 0, 180 இரண்டிலும் போட்டு, உட்காருமிடத்தில் எதில் பாஸ் கனமாக இருக்கிறதோ அதை விடுங்கள். கடைசியாக மைக் அளவீடு (ரிசீவர் மைக் வைத்துத் தானே ஒலியைச் சரிசெய்வது): மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஃபேனை அணையுங்கள். சப் லெவல் மிகக் குறைந்த எல்லையில் போய் நின்றால் சப்பின் கெயினை (ஒலி அளவுத் திருகி) குறைத்து மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: புது ரிசீவர் சத்தம் கூட்டினால் அணைந்துவிடுகிறது. 'புரொடெக்ட்' என்று காட்டுகிறது.

பதில்: ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. முதலில் ஸ்பீக்கர் முனைகளைப் பாருங்கள். ஒற்றை இழை சிவப்பிலிருந்து கறுப்பைத் தொட்டால் போதும், ஷார்ட். பவரை எடுத்து, எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நிலையாக நின்றால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் பவரை அணைத்தபின். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதில்தான் கோளாறு. வயரை 10-12 மில்லிமீட்டர் மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள். ஷார்ட் இல்லையென்றால் 4 ஓம் ஸ்பீக்கரா (ரிசீவருக்குச் சுமை அதிகம்), மூடிய அலமாரிக்குள் சூடாகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: உதடு முன்னால், குரல் பின்னால். ஆடியோ டிலேயைக் கூட்டியும் சரியாகவில்லை.

பதில்: டிலே ஒலியை இன்னும் பிந்தத்தான் வைக்கும். 0-க்குக் கொண்டுவாருங்கள், டிவி ஒலியைப் பாஸ்த்ரூ ஆக்குங்கள்.

கேள்வி: கேம் கன்சோலை 4கே 120 ஹெர்ட்ஸில் போட்டால் திரை அடிக்கடி கறுக்கிறது. கேபிள் 8 மீட்டர்.

பதில்: அந்த நீளத்துக்குச் சாதாரணச் செப்புக் கேபிள் தாங்காது. 48 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 48 கிகாபிட்) தரச் சான்றுள்ள ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' முனை கன்சோலுக்கு, 'டிஸ்ப்ளே' முனை டிவிக்கு. சுவருக்குள் குழாயில் இழுக்கும் முன் தரையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாற்றி இழுத்தால் மறுபடி பிடுங்க வேண்டியிருக்கும்.