மகளின் எம்.ஏ.வுக்கு இன்னொரு நகைக்கடனா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். கணவருக்குத் தோப்புக் குத்தகை, எனக்கு இரண்டு கறவை மாடு. கொழுந்தனார் கடைக்காக என் நகையைத் தனியார் பைனான்ஸில் 3 லட்சத்துக்கு வைத்து, ஒன்றரை வட்டியை மட்டும் கட்டி மூன்று வருடமாகப் புதுப்பித்து வருகிறோம். மகள் பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ. வரலாறு படிக்க ஆசைப்படுகிறாள். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 90,000 கேட்கிறார்கள். ஒரு செயலிக்காரர் 'வட்டியில்லாத் தவணையில் ஆன்லைன் எம்.ஏ.' என்கிறார். தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைமேல் இன்னும் 2 லட்சம் வாங்கி, ஒன்றைப் படிப்புக்கும் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கொழுந்தனார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள், அம்மா. மகள் படிக்கட்டும், நகைமேல் இன்னொரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

மாதம் 4,500 வட்டி. மூன்று வருடத்தில் 1,62,000 போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. உங்கள் குடும்பத்தைக் கரைப்பது மகளின் படிப்பு அல்ல, இந்தப் புதுப்பித்தல்தான். பைனான்ஸில் முடித்து, நகையை வங்கிக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி சுமார் 2,400தான். அதே 4,500-ஐக் கட்டி வந்தால் மீதி 2,100 அசலில் கழியும். தவணைக் கடனாகவே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வருடக் கடைசியில் மறுபடியும் 'வட்டி மட்டும்' என்றுதான் முடியும்.

எம்.ஏ. வரலாற்றுக்கு ஆய்வுக்கூடம் கிடையாது, கருவிகள் கிடையாது. மூன்று வருட பி.ஏ. முடித்தவருக்கு நான்கு செமஸ்டர், இரண்டு வருடம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு, உதவி பெறும் கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் சியுஇடி முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் தொலைநிலையில் படிக்க இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கிறது: எந்தப் பட்டதாரியும் சேரலாம், குறைந்தது 2, அதிகபட்சம் 4 வருடம். பாடம் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான், அதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம், பேருந்து, புத்தகம், ஆய்வேட்டுத் தட்டச்சு எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 25,000 ஒதுக்கினால் தாராளம். அதாவது இரண்டு வருடப் படிப்பு, பைனான்ஸுக்கு நீங்கள் கட்டும் ஒரு வருட வட்டிக்குள் அடங்கிவிடுகிறது!

செயலிக்காரர் சொல்லும் தவணையில் வட்டி இருக்காது. கட்டணத்திலேயே அது ஏறியிருக்கும். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி உண்டா என்று பார்க்காமல் ஒரு பைசா கட்டாதீர்கள்.

கல்லூரியின் பெயரைவிட மதிப்பெண்தான் உங்கள் மகளுக்கு முக்கியம். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுத எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும்; பிற்படுத்தப்பட்ட (கிரீமி லேயர் எனும் வசதியான பிரிவில் வராத), பட்டியல் பிரிவினருக்கு 50. இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். அதில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தகுதி கிடைத்து ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 வரும். கேரளத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக வேண்டுமென்றால் எம்.ஏ. மட்டும் போதாது, பி.எட்., மாநிலத் தகுதித் தேர்வான செட் இரண்டும் வேண்டும். அந்த பி.எட்.டுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும், உண்மையான செலவு அங்கேதான். கையிருப்பை இப்போதே 90,000 கட்டணத்தில் கரைத்துவிட்டால் அப்போது எங்கே போவீர்கள்?

கொழுந்தனாரிடம் கணவரே பேசட்டும். புதிதாக ஒரு லட்சம் கிடையாது; பழைய 3 லட்சத்துக்கு மாதம் 4,500-ஐ இனி அவரே தர வேண்டும். கடையில் வரவு இல்லை என்பாரானால் பாதியாவது தரட்டும், அதையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்த்துவிடுங்கள்.