சிஸ்டர் அக்கா பதில்கள்: கைக்கு தெரிஞ்சது பேப்பர்ல வரலையே!

இந்த தடவ வந்த லெட்டர்ல முக்காவாசி என்சிலெக்ஸ் பத்தி தான். தெரியாதவங்களுக்கு: அமெரிக்கால நர்ஸா வேல பாக்க எழுதுற லைசென்ஸ் பரீட்ச அது, கனடாவுக்கும் அதே தான். சுகர், பிபி கேள்வி அனுப்புனவங்க கோச்சிக்காதீங்க, அடுத்த இதழ்ல வச்சிக்கலாம்.

கேள்வி: அக்கா, ராணிப்பேட்டை பக்கம் ஒரு சின்ன காலேஜ்ல பிஎஸ்சி நர்சிங் முடிச்சிட்டு வேலூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியூல 4 வருஷமா இருக்கேன். 5 மாசமா என்சிலெக்ஸ்க்கு படிக்கிறேன், நோட்ஸ் மூணு ரவுண்டு முடிச்சாச்சு, ஆனா பிராக்டிஸ் டெஸ்ட் போட்டா பாதிக்கு பாதி தப்பாவுது. இன்னும் எத்தன மணி நேரம் படிக்கணும்? பெரிய காலேஜ்ல படிச்சிருந்தா தான் வருமா?
- பெயர் வேண்டாம், வாலாஜா

பதில்: காலேஜ் பேரு பரீட்ச வைக்கிற கம்ப்யூட்டருக்கு தெரியவே தெரியாது பாப்பா, அத முதல்ல மனசுல இருந்து தூக்கி போடு. சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா 1909ல நர்சிங் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊர் நம்ம வேலூர், அந்த பேர வச்சே நம்ம ஊர்ல மத்த காலேஜ் பசங்க எல்லாம் பாதி பயத்துலயே செத்துடுறாங்க.

உன் பிரச்சன மணி நேரம் இல்ல. ஒரு கேள்வி சொல்றேன், இப்பவே மனசுல பதில் சொல்லிக்க. ஒரு பேஷண்டுக்கு பிளட் ஏத்த ஆரம்பிச்சி 10 நிமிஷம் ஆவுது, குளிருது நடுங்குதுன்றாரு, இடுப்பு வலிக்குதுன்றாரு. முதல்ல என்ன செய்வ? டாக்டருக்கு சொல்றது, வைட்டல்ஸ் (பிபி, நாடி, ஜுரம்) பாக்குறது, பிளட்ட நிறுத்துறது, போர்வ போத்துறது. நான் கிளாஸ்ல கேட்டா பாதி பேர் டாக்டருக்கு சொல்லுவேன்னு தான் டிக் பண்ணுவாங்க, மிச்ச பேர் வைட்டல்ஸ். ஆனா அதே பொண்ணுங்க நைட் டூட்டில ராத்திரி 2 மணிக்கு இத பாத்தா என்ன பண்ணுவாங்க? யோசிக்கவே மாட்டாங்க, கை தானா போயி டியூப்ல இருக்குற கிளாம்ப மூடி பிளட்ட நிறுத்திடும், அப்புறம் புது செட் போட்டு நார்மல் சலைன் ஓட விடுவாங்க, அதுக்கப்புறம் தான் டாக்டருக்கு போன், பிளட் பேங்குக்கு தகவல். கைக்கு தெரிஞ்சது பேப்பர பாத்ததும் மறந்து போவுது பாரு, அங்க தான் உன் மார்க் போவுது.

ஏன் அப்படி ஆவுதுன்னா நம்மள வளத்த விதம் அப்படி. யூனிவர்சிட்டி பரீட்சைல டெஃபினிஷன் எழுது, காரணம் எழுது, நர்சிங் கேர் பத்து பாயிண்ட் எழுதுன்னு எழுதி எழுதி பழகிட்டோம், வார்டுல வேற எதுக்கெடுத்தாலும் டாக்டர கேளுன்னு சொல்லியே வச்சிட்டாங்க. இந்த பரீட்ச அப்படி இல்ல, டாக்டர் வர்றதுக்கு முன்னாடி உன்னால என்ன செய்ய முடியும்னு தான் திருப்பி திருப்பி கேக்கும். அதுக்காக டாக்டருக்கு சொல்றது எப்பவுமே தப்புன்னு புடிச்சிக்காத, நீ பண்ண வேண்டியதெல்லாம் கேள்விலயே பண்ணி முடிச்சிருந்தா அப்ப போன் தான் சரி.

2023 ஏப்ரல்ல இருந்து கேஸ் ஸ்டடி வேற சேத்துட்டாங்க, ஒரு பேஷண்டோட நர்ஸ் நோட்ஸ், வைட்டல்ஸ், லேப் எல்லாம் குடுத்து அதுல வரிசையா 6 கேள்வி, அந்த மாதிரி மூணு பேஷண்ட் கண்டிப்பா வரும். இதுக்கு எல்லாரும் மிரள்றாங்க, எனக்கு ஏன்னு புரியல. காலைல ஹேண்டோவர் எடுக்குறல்ல? நைட் சிஸ்டர் கடகடன்னு ஒப்பிக்கும்போது "யூரின் அவுட்புட் கம்மியா இருக்கே, பிபியும் இறங்கிக்கினே வருதே"ன்னு உன் காது எங்க நிக்குதோ, அது தான் அங்க கேக்குற முதல் கேள்வியே.

நீ இடறி விழுற எடம் வேற ரெண்டு இருக்கு. ஒண்ணு மருந்து பேரு. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, ஐசியூல நல்ல கை, அல்பூட்டெரால்னு பாத்ததும் அப்படியே உக்காந்துட்டா. அது நம்ம சால்பூட்டமால் தாம்மா, தினம் நெபுலைஸர்ல போடுற அஸ்தலின்! அசிட்டமினோஃபென்னா நம்ம பாராசிட்டமால், எபிநெஃப்ரின்னா அட்ரினலின், மெபெரிடின்னா பெத்திடின். இத ஒரு பேப்பர்ல எழுதி ஹாஸ்டல் பீரோ கதவுல ஒட்டிடு, தலை சீவும்போது கண்ணுல படட்டும்.

இன்னொண்ணு, எந்த வேலைய யார்கிட்ட குடுக்கலாம்ன்ற கேள்வி. நம்ம ஊர்ல குளிப்பாட்றது, சோறு ஊட்றது எல்லாம் பேஷண்ட் கூட வந்த சொந்தக்காரங்க, இல்லன்னா ஆயாம்மா, நாம யாருக்கும் பிரிச்சி குடுத்து பழக்கமே கிடையாது. அங்க அப்படி இல்ல. நல்லா இருக்குற பேஷண்டுக்கு பிபி பாக்குறது, குளிப்பாட்றது ஹெல்பர்கிட்ட தரலாம். ஆனா அசெஸ்மெண்ட் (பேஷண்ட் எப்படி இருக்காருன்னு பாத்து கணிக்கிறது), பேஷண்டுக்கு சொல்லி குடுக்குறது, குடுத்த ட்ரீட்மெண்ட் வேல செஞ்சிதான்னு பாக்குறது, இந்த மூணும் உன் தலைமேல தான். ஸ்ட்ரோக் வந்து முழுங்க முடியாதவருக்கு முதல் வாய் ஊட்ட ஹெல்பர அனுப்புறேன்னு மட்டும் டிக் பண்ணிடாத.

நோட்ஸ மூடு. டூட்டி முடிஞ்சி வந்து 40 கேள்வி போடு, போதும், ஆனா தப்பானதுக்கு மட்டும் இல்ல, சரியானதுக்கும் ஏன் சரின்னு படி. ஒரு நோட்டுல ரெண்டு பக்கம் பிரிச்சிக்கோ, தெரியாம தப்பு பண்ணது இந்த பக்கம், தெரிஞ்சும் தப்பு பண்ணது அந்த பக்கம். எனக்கு தெரிஞ்சி உனக்கு ரெண்டாவது பக்கம் தான் சீக்கிரம் ரொம்பும்.

கேள்வி: 85 கேள்வில நின்னா பாஸ், 150 வரைக்கும் போனா ஃபெயில்னு பிரெண்ட்ஸ் சொல்றாங்களே மேடம்?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: சும்மா சொல்றாங்க. ஆளுக்கு ஆள் கேள்வி எண்ணிக்கை மாறும், குறைஞ்சது 85, அதிகபட்சம் 150. 85ல நின்னு ஃபெயில் ஆனவங்களும் உண்டு, 150 வரைக்கும் இழுத்து பாஸ் ஆனவங்களும் உண்டு. நீ பாஸ் லைனுக்கு மேலயா கீழயான்னு கம்ப்யூட்டருக்கு 95 சதவீதம் உறுதி ஆனதும் நிறுத்திடும், அவ்ளோ தான். நீ சரியா போட போட கம்ப்யூட்டர் இன்னும் கஷ்டமா குடுக்கும், அதனால கேள்வி கஷ்டமா வந்துக்கினே இருந்தா சந்தோஷப்படு, நீ நல்லா போட்டுக்கினு இருக்கன்னு அர்த்தம்.

கேள்வி: என் மகள் என்சிலெக்ஸ் எழுத ஒரு ஏஜென்சியில மொத்தமா 3 லட்சம் கேக்குறாங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் குடுக்க சொல்றாங்க. குடுக்கலாமா அம்மா?
- ஒரு தகப்பனார், குடியாத்தம்

பதில்: ஒரிஜினல மட்டும் குடுக்காதீங்க அண்ணா. பரீட்ச பீஸ் 200 டாலர், இந்தியாவுல எழுதுறதுக்கு மேல 150 டாலர், அதுக்கு வரி. அது போக அமெரிக்கால லைசென்ஸ் தர்ற அந்த ஸ்டேட்டோட நர்சிங் போர்டுக்கு தனி பீஸ், சர்டிபிகேட் சரி பாக்க தனி பீஸ். மிச்சம் எதுக்குன்னு பேப்பர்ல பிரிச்சி எழுதி கேளுங்க, எழுதி தர மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. காலேஜ், நம்ம நர்சிங் கவுன்சில், ரெண்டு எடத்துல இருந்தும் பேப்பர் நேரா அமெரிக்காவுக்கு தான் போவணும், அதுக்கு நடையா நடக்கணும், அந்த நடைய யாரும் உங்களுக்காக நடக்க மாட்டாங்க. பாஸ் பண்ண உடனே பிளைட்டுன்னு சொன்னா நம்பாதீங்க, இந்தியால பொறந்தவங்களுக்கு கிரீன் கார்டு க்யூ வருஷக்கணக்குல நிக்குது.

இன்னொண்ணு, பாப்பா பாஸ்போர்ட்ட எடுத்து பேர பாருங்க. நமக்கு தான் இனிஷியல் தொல்ல இருக்கே, மார்க்ஷீட்ல கே.ன்னு ஒரு எழுத்து, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. ரிஜிஸ்டர் பண்ண பேரும் பாஸ்போர்ட் பேரும் ஒத்து வரலன்னா சென்டர் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, கட்டின பீஸும் போச்சு.

கேள்வி: எக்ஸாம் சென்னைல காலைல 8 மணிக்கு. காட்பாடில விடியக்கால ட்ரெயின் புடிச்சா போதுமா அக்கா?
- பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்: வேணாம்டி, முந்தின நாள் சாயங்காலமே போயி யாராவது சொந்தக்காரங்க வீட்ல படுத்துக்கோ. அரை மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும், உள்ளங்கைய ஸ்கேன் பண்ணுவாங்க, வாட்ச் உள்பட எல்லாம் லாக்கர்ல. மொத்தம் 5 மணி நேரம், 2 மணி நேரம் ஆனதும் பிரேக் வேணுமான்னு கேக்கும், கண்டிப்பா எடு, நேரம் ஓடிக்கினு தான் இருக்கும் ஆனாலும் எடு. வேலூர் வெயில்ல பொறந்து வளந்த உடம்பு உனக்கு, அந்த ஏசில அஞ்சு மணி நேரம் தாங்காது, முழுக்கை சுடிதாரா போட்டுக்கோ.