கேள்வி–பதில்: மான்கொம்புப் பவளம்

கேள்வி: மான்கொம்புப் பவளத்தின் கிளைநுனி வெள்ளையாக இருந்தால் நோய் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. நுனிதான் வேகமாக வளரும் இடம். நல்ல நிலையில் கிளை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேலும் நீளும். புதிதாக வளர்ந்த பகுதியில், பவளச் சதைக்குள் வாழ்ந்து அதற்கு நிறம் தரும் நுண்பாசிகள் இன்னும் நிறையக் குடியேறாததால் வெளுப்பாகத் தெரிகிறது.

அடிப்பக்கம் வெளுத்தால்தான் கவலை. வெண்பட்டை நோயில் சதை பெரும்பாலும் அடியிலிருந்து நுனி நோக்கி உரிந்துகொண்டே போகும். பின்னாலேயே பழுப்புப் பாசி படரும். நுனி மட்டும் சில சென்டிமீட்டருக்குச் சுத்தமாக உரிந்திருந்தால் அது தீப்புழு என்ற கடற்புழு தின்ற தடம். கிளை முழுவதும் வெளுத்து, பாலிப்கள் (பவளத்தின் சின்னஞ்சிறு உயிர்கள்) அப்படியே இருந்தால் அது வெப்ப வெளிறல், அதாவது வெப்பத்தால் நுண்பாசிகளை இழப்பது. அந்தப் பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் அதிகமான வெப்பம் நான்கு வாரம் நீடித்தாலே வெளிறல் வரலாம். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் நிறம் திரும்பும்.

கேள்வி: இது எங்கே வளர்கிறது?

பதில்: கரீபியன் கடல், ஃபுளோரிடா, பஹாமாஸ். பெரும்பாலும் 5 முதல் 20 மீட்டர் ஆழத்தில், தெளிந்த நீரில், நீரோட்டம் ஓயாத ஆனால் பேரலை நேராக அறையாத இடங்களில் வளரும். கிளை மெல்லியது, அலை அறைந்தால் ஒடியும்.

கேள்வி: ஒடிந்த கிளையை நட்டால் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். இயற்கையிலும் இது பெரும்பாலும் அப்படித்தான் பரவுகிறது. மணலில் விழுந்து புரண்டுகொண்டே இருக்கும் துண்டுதான் சாகும். அமெரிக்காவில் 2006 முதல் இது சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம். எனவே உரிமம் பெற்றவர்களே இதைத் தொடலாம்.

அவர்கள் 5 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளைத் தங்கூசியில் (நைலான் தூண்டில் இழை) கட்டி, நடுநீரில் மிதக்கும் பி.வி.சி. குழாய் 'மரத்தில்' தொங்கவிடுகிறார்கள். மணலும் பவளம் தின்னும் நத்தையும் அங்கே எட்டுவதில்லை. ஆனால் குழாயிலும் தங்கூசியிலும் படியும் பாசியை அடிக்கடி தேய்த்து எடுக்காவிட்டால் அது பவளத்தின் மேல் ஏறிவிடும்.

போதிய அளவு வளர்ந்ததும் பாறையைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் கல் தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி பசை வைத்தோ, ஆணி அடித்து கேபிள் டையால் இறுக்கியோ நடுகிறார்கள். நட்ட துண்டு துளியும் ஆடக் கூடாது. ஆடினால் தொடும் இடத்தில் சதை தேய்ந்து கல்லோடு ஒட்டாது. தோல்விக்கு முதல் காரணம் பலமுறை இதுதான். கடும் வெயில் மாதங்களில் நடுவதும், பாசித்தோட்டம் காக்கும் டேம்சல் மீன்களின் எல்லைக்குள் நடுவதும் தவறு. அந்த மீன்கள் பாசி வளர்க்க இடம் வேண்டி உயிருள்ள சதையையே கடித்துக் கொல்லும்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறோம்: ஒரே தாய்ப்பவளத்தின் துண்டுகளை மட்டும் நடாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் இவை முட்டையும் விந்தும் சேர்ந்த உருண்டைகளை நீரில் விடும். ஒரே மரபணு வகையாக இருந்தால் கருத்தரிப்பு அநேகமாக நடக்காது. ஆயிரம் துண்டு நட்டாலும் குஞ்சுப் பவளம் பிறக்காது.

கேள்வி: முன்பிருந்த அடர்ந்த பவளக்காடு எப்படி அழிந்தது?

பதில்: அடுத்தடுத்து விழுந்த அடிகள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய வெண்பட்டை நோய், 1980இல் ஜமைக்கா பவளப்பாறைகளை நொறுக்கிய ஆலன் சூறாவளி, 1983–84இல் பாசி மேயும் நீள்முள் கடல் முள்ளெலிகளின் கூட்டச்சாவு. மேய ஆளில்லாததால் காலியான கல்லைப் பாசி பிடித்துக்கொண்டது. 2023இல் ஃபுளோரிடாவின் கடல் வெப்பம், நட்டு வளர்த்த பவளங்களையும் பெருமளவில் கொன்றது.