ஜெர்மனியில் அரியர் கிடையாது, தம்பி

வரும் அக்டோபரில் இயந்திரவியல் முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வரப்போவதாகச் சொல்லி, பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்பதால் ஜெர்மன் மொழி அவசியமா, குளிருக்கு என்ன வாங்குவது, குக்கர் கொண்டுவரலாமா, தனிமையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குக்கரைக் கொண்டு வாருங்கள். குளிர் உடையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுண்ட், விசா ஆகியவற்றைப் பற்றி ஏஜெண்டுகள் போதும் போதும் என்னும் அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும்: ஒரு பாடத்தில் தோற்றால் இங்கே என்ன நடக்கும் என்பது.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியில் அரியர் வைப்பது பெரிய குற்றமல்ல. நானே இரண்டு வைத்து, இறுதியாண்டில் முடித்தவன். அந்தத் துணிச்சலோடுதான் 2009ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் ஒரு நகரத்தில் வந்து இறங்கினேன். இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மொத்தம் மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் பொதுவாக இடம் கொடுக்க மாட்டார்கள். மாணவர் என்ற தகுதி போனால் விசாவும் ஆட்டம் காணும். உள்மதிப்பீடு, வருகைப்பதிவு, இரக்க மதிப்பெண் என்று தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை; பல பாடங்களில் அரையாண்டு முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்ணும். மதிப்பெண் இங்கே தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 தோல்வி.

தேர்வுக்கு நாமாகவே குறித்த நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எழுத விருப்பமில்லை என்றால் நாமாகவே குறித்த நாளுக்குள் விலக வேண்டும். வகுப்புக்கு வராதவனை யாரும் தேட மாட்டார்கள், வீட்டுக்குத் தொலைபேசி போகாது. இதைச் சுதந்திரம் என்று முதல் ஆறு மாதம் கொண்டாடினேன். வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் 5.0 வாங்கினேன். இரண்டாம் முறை பதிவு செய்துவிட்டு, தயாராக இல்லை என்பதால் போகாமல் இருந்தேன். எழுதாத தேர்வு கணக்கில் வராது என்பது என் எண்ணம். மருத்துவச் சான்று இல்லாமல் வராதவனுக்கும் 5.0 என்று விதியில் இருந்ததை நான் படிக்கவில்லை. யார் மீதும் குறை இல்லை. முழுக்க முழுக்க என் பிழை.

ஜெர்மன் தேவையா என்று கேட்டீர்களே, அதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில், கடிதம் ஜெர்மனில். இரண்டாவது தோல்வியைத் தெரிவித்து வந்த கடிதத்தை விளம்பரத் தாள் என்று நினைத்து, மூன்று வாரம் ஜன்னல் ஓரத்தில் போட்டு வைத்திருந்தேன். அதைப் படித்துச் சொன்னவர் நான் அரிசி வாங்கும் கடைக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் அகதியாக வந்தவர், உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டே ஜெர்மன் கற்றவர். “தம்பி, இந்த நாட்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கக் கூடாது. இது உங்கட கடைசித் தடவையாம்” என்றார். அரசாங்க அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று பேசும் அவரைப் போன்றவர்களைப் பார்த்த பிறகும், பத்தாண்டு இங்கேயே இருந்துகொண்டு “ஆங்கிலமே போதும், மச்சி” என்று புதியவர்களுக்கு உபதேசம் செய்யும் நம் ஊர் மென்பொருள்காரர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் பழைய வினாத்தாளைக் கைமாற்றி, விடையையும் சேர்த்து ஒப்பிக்கச் சொல்பவர்களும் அவர்களே.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்டினேன். அதுவரை கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவன் நான். என் கூச்சம் எவ்வளவு என்றால், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் தந்தையின் பெயர் இருந்ததால், முதல் ஆய்வக வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தபோது அது நான்தான் என்று புரியாமலும், புரிந்த பிறகு திருத்தக் கூச்சப்பட்டும் வாய்மூடி இருந்து, பட்டியலில் வராதவன் ஆனேன். பேராசிரியர் என்னைக் கண்டிக்கவில்லை. முதல் தேர்வின் விடைத்தாளைப் பார்க்க ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். முடிவு வந்த பின் ஒரு நாள் குறித்து, திருத்திய தாளை மாணவர்கள் பார்ப்பதற்கும், மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கும் இங்கே இடம் தருகிறார்கள். ஆசிரியரோடு சண்டை போடும் சடங்கு என்று நான் ஒதுக்கியதை, ஜெர்மன் மாணவர்கள் பேனாவும் தாளுமாக வரிசையில் நின்று பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். என் தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்: சூத்திரம் சரி, எந்த அனுமானத்தில் அதைப் பயன்படுத்தினேன் என்ற ஒரு வரி எங்குமே இல்லை. பாதி மதிப்பெண் அந்த வரிகளுக்குத்தான்.

தனிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றாவது தேர்வுக்கு முந்தைய அந்த நான்கு மாதம் எனக்கு அதற்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும் ஊரில், இரண்டு பல்கேரிய மாணவர்களோடும் ஒரு ஜெர்மன் பெண்ணோடும் நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம்மவர்கள் ஆறு பேர் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் சாம்பார் கிடைத்தது, படிப்பு கிடைக்கவில்லை. ஒரே ஒரு முறை கடைக்காரர் தம் காரில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு அழைத்துப் போனார். 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில், நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் பக்கத்தில் கோபுரத்தோடு நிற்கிறது. வேண்டுதலாக என்ன கேட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது முறை 3.7 வந்தது. கடைக்குச் சென்று சொன்னேன். அவர் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை; “அந்தக் கடிதத்தைக் கோப்பில வைச்சனீங்களோ?” என்றுதான் கேட்டார். கோப்பு என்று ஒன்று என்னிடம் அதுவரை இல்லை. அன்று மாலையே இரண்டு வளையம் வைத்த தடித்த அட்டைக் கோப்பு ஒன்று வாங்கினேன். அதன் முதல் தாள் இன்றும் அந்தக் கடிதம்தான்.