சுற்றாத மோட்டார்

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வானவில் மன்றத்திலிருந்து (அரசுப் பள்ளிகளில் அறிவியல் சோதனைகள் செய்துகாட்டும் திட்டம்) வந்த கருத்தாளர், செல், காந்தம், ஊக்கு, கம்பிச்சுருள் வைத்துக் குட்டி மோட்டார் செய்து காட்டினார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பிறகு நான் செய்தபோது சுருள் முன்னும் பின்னும் ஆடியதே தவிர சுற்றவில்லை. நான் படித்தது கணிதம். இதையெல்லாம் கருத்தாளர்களிடமே விட்டுவிடலாமா?
– ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: விடாதீர்கள் டீச்சர். கம்பியின் இரண்டு முனைகளையும் முழுசாகச் சுரண்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். கம்பி மேல் மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சு இருக்கும். ஒரு முனையில் மட்டும் அதைச் சுற்றிலும் உப்புத்தாள் போட்டு எடுங்கள். மறுமுனைக்கு, சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கம்பியின் மேல்பாதியை மட்டும் தேயுங்கள். முழுசாகச் சுரண்டினால் அரைச் சுற்று முடிந்ததும் காந்தம் சுருளை எதிர்ப்பக்கம் தள்ளும். நீங்கள் பார்த்த ஆட்டம் அதுதான். பாதி எனாமல் மிச்சமிருந்தால் அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும், சுருள் வந்த வேகத்திலேயே தாண்டிப் போகும். செல் சீக்கிரம் சூடாகும், ஓட்டிப் பார்த்ததும் சுருளை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் உடனே சரிசெய்து காட்ட வேண்டாம். ஆடுகிற மோட்டாரையே வகுப்பில் வைத்து, கம்பி ஊக்கை எப்போது தொடுகிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், சுற்றுகிற மோட்டாரைவிட இதில்தான் பாடம் அதிகம்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஆசிரியர்களே பிள்ளைகளைப் போல உட்கார்ந்து சோதனைகளைச் செய்தார்கள். அப்புறம் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது சரியாக வரவில்லை என்று பேசினார்கள். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 2002ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது, எனக்கு இன்னும் ஆற்றாமைதான். பெட்டி நிறையச் சாமான் கொடுப்பதைவிட அந்த மாதக் கூட்டம் பெரிய விஷயம். உங்கள் ஒன்றியத்தில் நாலு பேர் சேர்ந்தாலே நடத்தலாம், சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை ரோபோ வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். ஃபீஸ் அதிகம். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: அவசரமில்லை. படத்தைப் பார்த்து மாட்டினால் ஓடிவிடுகிற பெட்டிகளில் குழந்தை யோசிக்க இடம் குறைவு. 1978ல் டெல்கோ (இப்போதைய டாடா மோட்டார்ஸ்) வேலையில் விடுப்பு எடுத்து அதே ஹோஷங்காபாத்துக்குப் போன பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்தார். மருந்தைச் சுரண்டிவிட்டு நீங்களும் செய்யுங்கள். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். சாயாமல் நிற்க என்ன செய்யலாம் என்று மகளிடம் கேட்டுவிட்டு, தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.

கேள்வி: பள்ளியின் அறிவியல் சாமான்கள் உடைகின்றன, தொலைகின்றன. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். தவறா?
– தலைமையாசிரியர், தேனி

பதில்: அமிலத்தையும் கண்ணாடிக் குழாய்களையும் பூட்டுங்கள். லென்ஸும் காந்தமும் வெளியே இருக்கட்டும். உடைந்ததை இருப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டால் போயிற்று. காந்தம் தொலைந்தால், ரேடியோ ரிப்பேர் கடையில் பழைய ஸ்பீக்கர் கேட்டுப் பாருங்கள், உள்ளே ஒன்று இருக்கும்.