தோட்டத்துக் கேள்விகள்: கொன்றை, சந்தனம், உண்ணிச்செடி, செங்காந்தள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சரக்கொன்றை விதையை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுவிட்டதா?
– வாசகி, பாலக்கோடு

விதை கெட்டிருக்காது. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாத அளவுக்குக் கெட்டியானது. மாதக்கணக்கில் மண்ணில் அப்படியே கிடக்கும். அதற்குள் நாம் பொறுமையிழந்து பையைக் கவிழ்த்துவிடுகிறோம்.

நன்றாகக் கறுத்துக் காய்ந்த காயை உடையுங்கள். உள்ளே வட்ட வட்டமான தடுப்புகளுக்கு நடுவே பிசுபிசுப்பான கறுப்புச் சதையோடு விதைகள் இருக்கும். சதை போகக் கழுவுங்கள். ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஓட்டை விழுந்தது வண்டு தின்ற விதை, எறிந்துவிடலாம். மீதியை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கூர்முனைப் பக்கம் முளைக்கரு இருப்பதால் அங்கே கைவைக்காதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பில் பழுப்புத் தோல் போய் வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் சில விதைகள் உப்பி, தோல் மெத்தென்று ஆகியிருக்கும். அவற்றை அன்றே விதைக்கலாம். உப்பாததை மறுபடி தேய்த்து ஊறவையுங்கள். நிறைய விதை இருந்தால், கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் கொட்டி ஆறும்வரை விடலாம். ஆனால் முளைப்பு ஒரே சீராக இருக்காது. அடுப்பில் வைத்தே வேகவிட்டால் விதை செத்துவிடும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்த நாற்றுப்பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். பைக்கு அடியில் வேர் எட்டிப் பார்த்தால் உடனே நட வேண்டும். தாமதித்தால் ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டு, மரமான பிறகு காற்றில் சாயும். நம் பக்கத்தில் ஆவணி, புரட்டாசி மழைதான் நடவுக்கு ஏற்றது. ஒன்றரை அடிக் குழி போதும். அதில் மக்காத சாணத்தைப் போட்டால் கரையானை நாமே வரவழைத்தது போலாகும்.

மழைக்குப் பின் இலையில் பச்சைப் புழுக்கள் வந்தால் மருந்து அடிக்காதீர்கள். கொன்றை இலையை நம்பி முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

வாங்கி நட்ட சந்தனக் கன்று ஒரு வருடம் பச்சையாக நின்றது. பிறகு மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. தண்ணீர் குறையவில்லை.
– வாசகர், அரூர்

பக்கத்தில் துணைச்செடி இருந்ததா? சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் உணவு தயாரித்துக்கொண்டாலும், தண்ணீரிலும் தாதுக்களிலும் பெரும்பகுதியை அடுத்த செடியின் வேரில் தன் வேரை ஒட்டித்தான் எடுக்கும். தனியாக நட்டால் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டுப் போய்விடும். பையில் இருக்கும்போதே பொன்னாங்கண்ணியோ துவரையோ கூட இருக்க வேண்டும். நிலத்தில் நட்டதும் இரண்டு மூன்றடி தள்ளித் துவரை அல்லது அகத்தி, நீண்ட காலத் துணைக்கு ஐந்தாறு அடி தள்ளிப் புங்கன். துணைச்செடி மேலேறி நிழல் கட்டினால் கவாத்து செய்யுங்கள். குழியில் தண்ணீர் தேங்கினாலும் சந்தன வேர் அழுகும். தண்ணீர் குறையவில்லை என்கிறீர்களே, அதையும் பாருங்கள்.

2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனால் வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும்.

உண்ணிச்செடி பல நிறத்தில் பூக்கிறது, ஆடும் தொடுவதில்லை. வேலிக்கு விட்டுவைக்கலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாக வந்து நம் காடுகளில் புதராக மண்டிய செடி இது. உங்கள் ஊரை ஒட்டியே 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. வேலியில் பழுக்கும் பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் காட்டுக்குள் போடும். அங்கே புல்லும் நாட்டுச் செடியும் தலையெடுக்காது. மாடும் மானும் மேய ஒன்றும் மிஞ்சாது.

மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். பழுக்கும் முன்பே, கடப்பாரையால் அடித்தண்டுக்குக் கீழே மண்ணுக்குள் நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். அடுத்த மழையில் விதை முளைக்கும், கையால் பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் கவனிக்க வேண்டும்.

அந்த இடத்தில் நொச்சிப் போத்து நடுங்கள். பென்சில் பருமன், முக்கால் அடி நீளம், பாதி மண்ணுக்குள். ஆடு நொச்சியையும் தொடாது. இடையிடையே ஆவாரை விதைக்கலாம். அதற்கும் கொன்றைக்குச் சொன்ன வெந்நீர் நேர்த்தியே போதும். ஆவாரை பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரம் நின்றால் வேர் அழுகும்.

மலைப்பக்கம் தோண்டி எடுத்துவந்த செங்காந்தள் கிழங்கைத் தொட்டியில் வைத்தேன். முளை வரவில்லை.
– வாசகி, ஓசூர்

கலப்பை போல இரண்டு கை விரிந்த அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. தோண்டும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. காப்புக்காட்டிலிருந்து செடியோ கிழங்கோ எடுப்பது குற்றமும்கூட. நம் மாநில மலரை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். கரூர், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கை அப்படிப்பட்டவர்களிடம் வாங்குவதே சரி.

ஓரடி ஆழத் தொட்டியில் பாதி மணல் கலந்து, நுனி உடையாமல் படுக்கவைத்து, இரண்டு மூன்று அங்குலம் மண் மூடுங்கள். ஆடி, ஆவணியில் வைத்தால் மழைக்கு எழும்பும். இலை நுனியே பற்றிக்கொண்டு ஏறுவதால் மெல்லிய குச்சியோ கம்பியோ கொடுங்கள். தடிமனான கம்பத்தை அதனால் சுற்றிப் பிடிக்க முடியாது. கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். கோடையில் கிழங்கு உறங்கும், அப்போது ஊற்றினால் அழுகும்.

செடி முழுக்க விஷம், கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தொட்டி கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். கிழங்கு எடுக்கும்போது கையுறை போடுங்கள், மீதியைச் சமையல் காய்கறிப் பக்கம் வைக்காதீர்கள்.